முழங்கால் வலியோடு யோகா தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. கோவையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை, நாளெல்லாம் நாற்காலிதான். இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்து வருகிறேன். இடது முழங்காலில் வலி உண்டு. தேய்மானத்தின் தொடக்கம் என்று மருத்துவர் சொன்னார். கோயிலில் தரையில் உட்கார்ந்தால், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. யூடியூப் பார்த்து சூரிய நமஸ்காரம் செய்தேன். மூன்றாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் குனிய முடியவில்லை. எனக்கு யோகா ஒத்துவராதா? எதில் தொடங்குவது? தொப்பை குறையக் கபாலபாதி செய்யச் சொல்கிறார்களே, செய்யலாமா?

பதில்: உங்களுக்கு யோகா ஒத்துவரும். நீங்கள் தொடங்கிய இடம்தான் ஒத்துவரவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று செய்வதைப் பார்த்துப் பார்த்து, சூரிய நமஸ்காரம் என்பது யோகாவின் அரிச்சுவடி என்ற எண்ணம் நம்மிடம் பதிந்துவிட்டது. உண்மையில் அது பன்னிரண்டு நிலைகளை இடைவெளி இல்லாமல் கோத்துச் செய்யும் பயிற்சி. கால்களை நீட்டியபடி முன்னால் குனிவது, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுவது, கைகளில் உடல் எடையைத் தாங்குவது, முதுகைப் பின்னால் வளைப்பது ஆகிய நான்கும் சில நொடிகளுக்குள் மாறி மாறி வரும். நாற்காலியிலேயே இருபது ஆண்டுகள் கழித்த உடலுக்கு இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழக வேண்டிய பாடம்.

உங்கள் இடுப்பு ஏன் பிடித்தது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு வரும் காயங்களில் பல இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. தொடையின் பின்புறத் தசைகள், நாம் உட்காரும்போது தரையில் அழுந்தும் இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் முடிகின்றன. நாளெல்லாம் முழங்காலை மடித்தே உட்கார்ந்திருப்பவருக்கு அவை இறுகிப்போயிருக்கும். அந்த நிலையில் காலை விறைப்பாக நீட்டிக் குனிந்தால், இறுகிய தசை இடுப்பெலும்பைக் கீழிருந்து பிடித்து இழுத்து, அது முன்னால் சாயவிடாமல் தடுக்கும். கை எப்படியாவது பாதத்தைத் தொட வேண்டும் என்று நாம் முயலும்போது, இடுப்பு கொடுக்காத வளைவைக் கீழ்முதுகு கொடுக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துச் சுற்று என்றால் கீழ்முதுகு இருபது முறை அந்தச் சுமையை ஏற்கிறது. அதிலும் காலையில் எழுந்ததும் செய்தால், இரவெல்லாம் படுத்திருந்ததில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுகள் நீர் ஏறி விறைப்பாக இருக்கும் நேரம் அது. ஆழமாகக் குனிவதற்கு நாளிலேயே மிகப் பொருத்தமற்ற வேளை.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நேராக நீட்டித் தரையில் உட்காருங்கள். முழங்கால்கள் தாமாக மேலே எழும்பினாலோ, பின்னிடுப்பு சுவரை விட்டு முன்னால் நழுவினாலோ, உங்கள் பின்தொடை இறுகியிருக்கிறது என்று பொருள். இப்போது முழங்கால்களுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகிப் பாருங்கள்; முதுகு தானே நிமிரும். முழங்காலைச் சற்று மடித்தால் இடுப்பு விடுபடுகிறது என்ற இந்த ஒரு செய்தி, இனி நீங்கள் செய்யப்போகும் எல்லா முன்வளைவுகளுக்கும் பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, உங்கள் சர்க்கரை மாத்திரை வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரையை மிகத் தாழ்த்தக்கூடிய வகையா என்பது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் குறைவு. கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு உண்டு. அப்படியானால் பயிற்சிக்கு முன் ஏதாவது சிறிது சாப்பிடுவதும், குளுக்கோஸைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதும் அவசியம். இரண்டாவது, விழித்திரைப் பரிசோதனை. சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தாலும், கண் நீர் அழுத்தம் இருந்தாலும், தலை இதயத்துக்குக் கீழே போகும் நிலைகளையும் மூச்சை அடக்கி முக்குவதையும் தவிர்க்க வேண்டும். மூன்றாவது, பாதத்தின் உணர்ச்சி. மரத்துப்போன பாதத்தோடு ஒற்றைக் காலில் நின்று பழகுவதானால் சுவர் ஓரமே சரியான இடம். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்பதால், படுத்த நிலையிலிருந்து நிற்பதற்குள் ஒரு நிமிடமாவது உட்கார்ந்திருங்கள்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். முதல் நான்கு வாரங்களுக்கு வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம் போதும். விரிப்பின் மேல் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். மூன்று நிமிடம் இதைச் செய்த பிறகு, மூச்சு உள்ளே வரும்போது இரு கைகளையும் தலைக்கு மேலே தரைவரை கொண்டுபோய், மூச்சு வெளியே போகும்போது திருப்பிக் கொண்டுவாருங்கள், ஆறு முறை. அசைவு மூச்சோடு சேர்ந்து தொடங்கி மூச்சோடு சேர்ந்து முடிய வேண்டும். இது சற்றுச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் யோகாவையும் பள்ளி உடற்பயிற்சி வகுப்பையும் பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது என்பதால், இதைத் தாவிக் கடக்க வேண்டாம்.

அடுத்து ஒரு முழங்காலை மார்புக்குக் கொண்டுவரும்போது, கைகளை முழங்காலின் மேல் கோக்காமல் தொடையின் பின்புறத்தில் கோத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து இழுத்தால் தேயத் தொடங்கிய மூட்டு அழுந்தும். பின்னாலிருந்து பிடித்தால் மூட்டு மடங்கும் அளவை அதுவே தீர்மானித்துக்கொள்ளும். பிறகு ஒரு நீளமான துண்டை எடுத்து வலது பாதத்தின் நடுவில் மாட்டி, காலை மேல்நோக்கி நீட்டுங்கள். இடது கால் மடிந்தபடி ஊன்றியிருக்கட்டும். மேலே போன கால் வளைந்திருந்தால் வளைந்தே இருக்கட்டும். தொடையின் நடுப்பகுதியில் இழுவை தெரிந்தால் சரி. முழங்காலின் பின்குழியில் சுருக்கென்றாலோ காலுக்குள் மின்சாரம் ஓடுவது போல இருந்தாலோ, துண்டைத் தளர்த்திக் காலைத் தாழ்த்துங்கள். ஐந்து நிதானமான மூச்சு, பிறகு மறு கால். சூரிய நமஸ்காரத்தில் நீங்கள் எட்டிப் பிடிக்க முயன்ற அதே நீட்சிதான் இது. கீழ்முதுகு தரையில் பத்திரமாக இருக்கும்போது நடக்கிறது.

மல்லாந்து படுத்து, பாதங்களை ஊன்றி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனத்தை மூச்சோடு ஏறி இறங்கும் விதத்தில் ஆறு முறை செய்யலாம். பூனை போல முதுகை மேலும் கீழும் அசைக்கும் மார்ஜரி ஆசனத்துக்கு முழங்காலுக்கு அடியில் போர்வையை நான்காக மடித்துப் போடுங்கள். அப்போதும் வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைத் தொடையில் வைத்து அதே அசைவைச் செய்யுங்கள், பலன் குறையாது. நின்ற நிலையில், நிமிர்ந்து நேராக நிற்கும் தாடாசனமும், சக்கரமில்லாத நாற்காலியின் சாய்மானத்தைப் பிடித்து, முழங்காலைச் சிறிது தளர்த்தி, இடுப்பிலிருந்து பாதி குனிவதும் போதும்.

உங்கள் முழங்காலுக்கு நான் தரும் முக்கியப் பயிற்சிக்கு அழகான வடமொழிப் பெயர் ஏதும் தேவையில்லை. சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பளவு அகலத்தில் வைத்து, மூச்சை விட்டபடி கைகளை ஊன்றாமல் எழுந்து நின்று, மூச்சை இழுத்தபடி மெதுவாக உட்காருங்கள். உட்காரும் வேகத்தைக் கவனியுங்கள். கடைசி நான்கு விரற்கடை தூரத்தைத் தொப்பென்று விழுந்து கடப்பதுதான் நம் எல்லோருடைய வழக்கம், தொடைத் தசை வேலை செய்ய வேண்டிய இடமும் அதுதான். கடினமாக இருந்தால் இருக்கையின் மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தொடையின் முன்தசை வலுப்பெற்றால் தேய்ந்த முழங்காலின் வலி குறையும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்று. எட்டு முறை செய்தபின், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்கும் சவாசனம்.

நாற்காலியையும் துண்டையும் வைத்துச் செய்வது யோகாதானா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. யோகத்துக்கு மூல நூல் தந்த பதஞ்சலி தம் யோக சூத்திரங்களில் எந்த ஆசனத்தின் பெயரையும் சொல்லவில்லை. நிலையாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்று மட்டுமே சொன்னார். 1989இல் மறையும் வரை சென்னையில் வாழ்ந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கேற்றபடி ஆசனத்தை மாற்ற வேண்டும் என்பதையே முறையாக வளர்த்தெடுத்தார். அவருடைய மாணவரும் மைத்துனருமான பி.கே.எஸ். ஐயங்கார், புணேயில் கட்டை, கயிறு, நாற்காலி ஆகியவற்றைப் பயிற்சியின் அங்கமாகவே ஆக்கியவர். ஆகவே துண்டை மாட்டிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். ஓர் ஆசனத்தில் இருக்கும்போது மூச்சு தடைபட்டால், பல்லைக் கடிக்கத் தோன்றினால், சுகம் போய்விட்டது. இரண்டு அங்குலம் பின்வாங்குங்கள்.

மண்டியிட்டுக் குதிகால்களின் மேல் உட்காரும் வஜ்ராசனமும், பாதங்களை எதிர்த் தொடைகளின் மேல் ஏற்றிச் சம்மணமிடும் பத்மாசனமும் இப்போதைக்கு வேண்டாம். பத்மாசனத்துக்காக, தொடை இடுப்பு மூட்டில் வெளிப்பக்கம் திரும்ப மறுக்கும்போது காலை இழுத்து மடித்தால், அந்தத் திருகலை முழங்கால்தான் தாங்கும். அதுவோ பெரும்பாலும் கீல் போல மடங்கி நீளும் மூட்டு. சம்மணமிடுவதானால், மடித்த போர்வைகளை அடுக்கி, முழங்கால்கள் இடுப்பை விடத் தாழ்ந்திருக்கும் உயரத்தில் உட்காருங்கள்.

கபாலபாதியை விட்டுவிடுங்கள். ஹடயோக மரபில் அது பிராணாயாமமே அல்ல. உடலைச் சுத்தப்படுத்தும் ஆறு கிரியைகளில் ஒன்று. வயிற்றை வேகமாக உதறி மூச்சைத் தள்ளுவதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரைந்துவிடாது. தசையின் வேலைக்கான எரிபொருளை உடல் தனக்கு விருப்பமான இடத்திலிருந்தெல்லாம் எடுக்கும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே முறை. அதற்குப் பதிலாக, மூச்சை அடக்காமல், நாசிகளை மாற்றி மாற்றிச் செய்யும் நாடிசுத்தியை ஐந்து நிமிடம் செய்யலாம். எடையும் சர்க்கரையும் குறைய வேண்டுமானால் நடையையும் சாப்பாட்டையும் தனியே கவனிக்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கை நான் மேலே சொன்ன பயிற்சி மட்டும் நிரப்பாது.

கைப்பேசியைப் பார்த்துப் பயில்வதில் உள்ள கோளாறு, அது உங்களைப் பார்க்காது என்பது. முதல் இரண்டு மூன்று மாதங்களுக்காவது நேரில் ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். நல்ல ஆசிரியர் முதல் நாள் ஆசனம் சொல்லித் தரமாட்டார். மாத்திரை, அறுவைச் சிகிச்சை, வலி, தூக்கம் பற்றிக் கேட்பார். குனியும்போது முதுகில் ஏறி அழுத்துபவரையும், மூன்று மாதத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பவரையும் விட்டு விலகுங்கள். தமிழகத்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு முடித்த மருத்துவர்கள் இருப்பார்கள். நோய்க்கு மாத்திரை எடுக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு, தெருமுனை வகுப்பில் சேருமுன் ஒருமுறை அங்கே காட்டுவது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, உங்களுக்கு மாலையைச் சொல்வேன். அலுவலகம் முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரமாவது கழிந்தபின் செய்யுங்கள். அப்போது உடல் இளகியிருக்கும். ஜமக்காளம் மொசைக் தரையில் வழுக்கும் என்பதால், வழுக்காத விரிப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 6 மி.மீ. தடிமன் முழங்காலுக்கு இதமாக இருக்கும். பிடித்த இடுப்பு இன்னும் முழுதாகச் சரியாகவில்லையென்றால் காத்திருங்கள். வலி காலுக்குள் இறங்கினாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் அடக்குவதில் மாற்றம் தெரிந்தாலோ, அது யோகாவால் பார்க்க வேண்டியதல்ல. உடனே மருத்துவரிடம் போங்கள்.

கோயிலில் எழும் சிரமத்துக்கு இன்றைக்கே தொடங்கக்கூடிய வழி ஒன்று உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து நேராக மேலே எழ முயலாமல், ஒரு பக்கமாகத் திரும்பி, இரு கைகளையும் தரையில் ஊன்றி, மண்டியிடும் நிலைக்கு வாருங்கள். வலி உள்ள இடது முழங்கால் தரையில் தங்கட்டும். கல்தரையானால் சேலை மடிப்பையோ துண்டையோ அடியில் இட்டுக்கொள்ளலாம். வலது பாதத்தை முன்னால் ஊன்றி, இரு கைகளையும் வலது தொடையின் மேல் வைத்து, மூச்சை விட்டபடி அந்தக் காலின் பலத்தில் எழுங்கள். வீட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு நாளுக்கு மூன்று முறை பழகுங்கள். நாற்காலியைத் தொடாமல், தொடையில் ஒரு கை மட்டும் ஊன்றி எழ முடிகிற வாரத்தில், சூரிய நமஸ்காரத்தின் முதல் மூன்று நிலைகளை உங்கள் ஆசிரியரிடம் கேட்டுத் தொடங்கலாம், முழங்கால் மடிந்தபடியே.