'தி லாப்ஸ்டர்' படத்துல ஜோடி இல்லாதவங்கள ஏன் மிருகமா மாத்துறாங்க?

யோர்கோஸ் லாந்திமோஸ் எடுத்த 2015 படம், ஜோடி இல்லாதவங்கள ஒரு ஹோட்டல்ல வெச்சு 45 நாள் டைம் குடுப்பாங்க, அதுக்குள்ள யாரும் அமையலைன்னா அவங்க கேட்ட மிருகமாவே மாத்திடுவாங்க, ஏன்னா அந்த ஊர் கணக்குல தனி ஆள் மனுஷனே இல்ல. எனக்கு மறக்காதது கால் தாங்கி நடக்குற அந்த ஆளுதான், ஒரு பொண்ணுக்கு அடிக்கடி மூக்குல ரத்தம் வரும்னு தெரிஞ்சதும் தன் மூக்க தானே மோதி ரத்தம் வரவெச்சு எனக்கும் அப்படித்தான்னு நடிப்பாரு. இங்க ரங்கூன்ல கல்யாண வீட்டுக்குப் போனா இலைல சோறு விழறதுக்குள்ள "உனக்கு எப்பம்மா?"ன்னு பெரியம்மா கேட்டுடுவாங்க, பாசம்தான், ஆனா எங்க அக்கா அந்தக் கேள்விக்கு பயந்தே பிடிக்காத வரனுக்கு தலையாட்டினா. அந்த ஆளோட மூக்கு ரத்தமும் எங்க அக்காவோட தலையாட்டலும் ஒண்ணுதான். படத்துல காட்டுல ஜோடி இல்லாம வாழுற ஒரு கூட்டமும் இருக்கு, அது காதலிச்சா தண்டிக்குது, அதையும் சேர்த்துப் பாருங்க.