தோட்டம் கேள்வி பதில்: ஐஸ்பெட்டிக்குள் ஒரு பனிக்காலம்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகள் வந்தபோது 10 டூலிப் கிழங்கு கொண்டுவந்தாள். அங்கே இலையுதிர் காலத்தில்தான் நடுவார்களாம். இங்கே தொட்டியில் வைத்தால் பூக்குமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அக்கா, நீங்கள் நம் ஊர்க்காரர், ஒளிக்காமல் சொல்கிறேன். அப்படியே நட்டால் அழுகும், இல்லாவிட்டால் இரண்டு இலை விட்டு நிற்கும். கிழங்குக்குள் மொட்டு இருக்கிறது. ஆனால் தண்டு நீண்டு மேலே வர 9 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிர் 12 முதல் 16 வாரம் வேண்டும். அங்கே நவம்பரில் மண்ணுக்குள் வைத்துவிட்டால் மீதியைப் பனிக்காலம் பார்த்துக்கொள்ளும். மலேசியாவில் நமக்கோ விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிற நேரத்திலும் 23 பாகை.

நமக்கு வாய்த்த பனிக்காலம் ஐஸ்பெட்டிதான். காய்கறித் தட்டில் காகிதப் பையில் போட்டு வையுங்கள், மேலே உறைய வைக்கும் அறையில் வேண்டாம். பக்கத்தில் ஆப்பிள் கூடவே கூடாது. பழம் விடுகிற எத்திலீன் வாயு மொட்டைக் கருக்கிவிடும். நான் பட்டவன். மூன்று மாதம் காத்திருந்து நட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு கிழங்கைத் தோண்டி நெடுக்காகப் பிளந்தேன். வெங்காயம் போல வெள்ளைச் செதில்கள், நடுவில் அரிசி அளவு மொட்டு, பழுப்பேறிக் காய்ந்திருந்தது. அதே தட்டில் ஒரு பை ஆப்பிள் வைத்திருந்தேன்.

பையின் மேல் பெரிதாக எழுதியும் வையுங்கள். யாராவது சாம்பாருக்கு உரித்துவிடப் போகிறார்கள். தின்றால் வயிற்றைக் கெடுக்கும்.

பூத்தாலும் தண்டு குட்டையாகத்தான் இருக்கும், வெயிலில் நாலைந்து நாளில் உதிரும். மறு வருடத்துக்கு ஆகாது. அப்புறம், அடுத்த முறை கொண்டுவரச் சொல்லாதீர்கள். வெளிநாட்டுக் கிழங்குக்கு இறக்குமதி அனுமதி வேண்டும்.

கேள்வி: கேமரன் மலையில் வாங்கிய செவ்வந்தி ஆள் உயரத்துக்கு வளர்கிறது, மொட்டே இல்லை. உரம் போதவில்லையா? (வாசகர், பகாவ்)

பதில்: உரத்தை விடுங்கள், தம்பி. தொட்டி எங்கே இருக்கிறது? வாசல் விளக்குக்குக் கீழேதானே? செவ்வந்தி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி. குளிர்நாடுகளில் அது இலையுதிர் காலத்துப் பூவாக இருப்பதும் அதனால்தான். நடுராத்திரியில் வெளிச்சம் பட்டால் இன்னும் கோடை முடியவில்லை என்று வளர்ந்துகொண்டே போகும். கேமரன் மலைப் பண்ணைகளில் இரவில் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்டு போதிய உயரம் வரும்வரை பூக்காமல் நிறுத்தி வைக்கத்தான் அது. தொட்டியைக் கொல்லைப்புற இருட்டுக்கு மாற்றுங்கள், சில வாரங்களில் மொட்டு தெரியும். தாழ்நிலச் சூட்டில் கொஞ்சம் தாமதமாகலாம். எங்கள் வீட்டில் வாசல் விளக்கு பியூஸ் போன பிறகுதான் பூத்தது. அதுவரை கோழி எருவாகக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: தீபாவளிக்குச் செண்டுமல்லி பறிக்க எப்போது விதைக்கலாம்? (வாசகி, லூனாஸ்)

பதில்: 60 நாளுக்கு முன்னால். நாலாவது வாரத்தில் நுனியைக் கிள்ளுங்கள். அக்டோபரில் சாயங்காலம் தவறாமல் இடியும் மழையும் இருக்கும், அதனால் பாத்தியை ஒரு சாண் உயர்த்திவிட்டு ஒவ்வொரு செடிக்கும் குச்சி கட்டிவிடுங்கள். நனைந்த பூ கனத்துச் செடியையே சாய்த்துவிடும்.