கூடைப்பந்து வீராங்கனை சாப்ரினா அயனெஸ்கு கல்லூரி அணிகளுக்கான தேசிய சாம்பியன் பட்டமே வெல்லவில்லை. பிறகு ஏன் அவரை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பட்டத்தை வைத்து மட்டும் அவரை அளக்க முடியாது என்பதுதான் என் பதில்.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக கூடைப்பந்து அணியில் 2016 முதல் 2020 வரை அவர் கார்டாக ஆடினார். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துவதுதான் கார்டின் வேலை. கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது, அதாவது ரீபவுண்ட், பெரும்பாலும் கூடைக்கு அடியில் நிற்கும் உயரமானவர்களின் பொறுப்பு. சாப்ரினா இரண்டையும் செய்தார். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்) மூன்றிலும் ஒரே ஆட்டத்தில் இரட்டை இலக்கம் தொட்டால் அது டிரிபிள் டபுள். கல்லூரிக் காலத்தில் அவர் எடுத்தவை 26! ஆண்கள் கல்லூரி ஆட்டத்திலும் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை.

2020 பிப்ரவரி 24 காலையில் லாஸ் ஏஞ்சலிஸில், தன் வழிகாட்டியான கூடைப்பந்து நட்சத்திரம் கோபி பிரையன்ட்டின் நினைவஞ்சலியில் பேசினார். அன்று இரவே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஆடி ஆயிரமாவது ரீபவுண்டைப் பிடித்தார். 2,000 புள்ளி, 1,000 அசிஸ்ட், 1,000 ரீபவுண்ட் மூன்றையும் கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பிரிவான டிவிஷன் 1-இல் தொட்ட முதல் வீரர் அவர்தான், ஆண் பெண் இருபாலாரிலும். அந்த மனநிலையில் அப்படி ஆடியதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

சரி, பட்டம்? 2019 தேசியப் போட்டியின் அரையிறுதியில் பெய்லர் பல்கலைக்கழக அணியிடம் 72-67 எனத் தோற்றார்கள். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல், பட்டத்துக்காகவே இன்னொரு வருடம் இருந்தார். ஆனால் 2020 தேசியப் போட்டியே கொரோனாவால் ரத்தானது. அடுத்த மாதமே, தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், நியூயார்க் லிபர்ட்டி அணி அவரை முதல் தேர்வாக எடுத்துக்கொண்டது.