மார்பு தளர்ந்துவிடும் என்று தாய்ப்பாலை நிறுத்தலாமா?

பால் கொடுப்பதால் மார்பு தளர்வதில்லை, அதற்காக நிறுத்த வேண்டாம். அந்த மாற்றம் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது, வயதும் உடல் எடையும் புகைப்பழக்கமும் அதோடு சேர்ந்துகொள்ளும், புட்டிப்பாலுக்கு மாறினாலும் அது நடக்கத்தான் செய்யும்.

கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை, யாராவது வந்தால் உடனே புட்டியைத் தேடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. அடுத்தவர் பார்வைக்கு முன்னால் உங்கள் உடம்பு உங்களுக்கே கூச்சமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இரண்டு மூன்று நாள், புட்டி கொடுக்கத் தோன்றும்போதெல்லாம் அறையில் யார் இருந்தார்கள் என்று மட்டும் போனில் குறித்து வையுங்கள். தனியாக இருக்கும்போது நிம்மதியாகக் கொடுக்க முடிகிறது என்றால் இடத்தை மாற்றினாலே போதும்: கதவைச் சாத்துங்கள், முன்பக்கம் திறக்கும் தளர்வான சட்டை போடுங்கள், வந்தவர்கள் காத்திருக்கட்டும்.

தனியாக இருந்தும் பிடிக்கவில்லையா? சரி, குழந்தைகளுக்கான பால்மாவுக்கு மாறுங்கள், அதனால் நீங்கள் மோசமான அம்மா ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரை போகலாம். சில நாளுக்கு ஒருமுறை, ஒரு வேளைப் பாலை மட்டும் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

அப்புறம், இந்த வெறுப்பு உடம்போடு நிற்காமல் 2 வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் அழுகையாக வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு.