பழைய ஸ்காட்லாந்தில் கடன் கட்டாதவரை ஏன் கொம்பு ஊதிக் கலகக்காரர் ஆக்கினார்கள்?

கடன் பாக்கிக்கும் கலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியதே சட்டம்தான்.

ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் 1532-இல் நிறுவிய எடின்பரோ உச்ச சிவில் நீதிமன்றம், ‘கோர்ட் ஆஃப் செஷன்’. அங்கே ஜெயித்தவர், ‘இத்தனை நாளுக்குள் பணத்தைக் கட்டு’ என்று மன்னர் பெயரிலேயே ஓர் ஆணை வாங்கலாம். கெடு தாண்டினால் அரசத் தூதர் சந்தைச் சதுக்கத்துச் சிலுவைத் தூணருகே நின்று, மூன்று முறை கொம்பு ஊதி, கடனாளியைக் கலகக்காரர் என்று அறிவிப்பார். மன்னர் சொல்லியும் கட்டவில்லையே, அதுதான் குற்றம்! அப்புறம் அவருடைய அசையும் சொத்து மன்னருக்கு. ஓர் ஆண்டும் ஒரு நாளும் அப்படியே கிடந்தால், அவர் ஆயுள் முழுக்க நில வருமானம், அந்த நிலத்தை அவருக்கு அளித்த மேல்நிலப்பிரபுவுக்கு.

அடுத்த ஆணை கைதுக்கு. ஏட்டளவில் அவர் சிறை போவது கடனுக்காக அல்ல, கீழ்ப்படியாமைக்காக. சாமர்த்தியமான ஏற்பாடு.

தப்ப ஒரு வழி இருந்தது. எடின்பரோவில் இருந்த ஹோலிரூட் மடத்து எல்லைக்குள் புகுந்த கடனாளியைத் தொட முடியாது. ஞாயிற்றுக்கிழமை கடனுக்காகக் கைது செய்யக்கூடாது என்பதால், அன்று மட்டும் அவர்கள் ஊருக்குள் உலாவிவிட்டு நள்ளிரவுக்குள் திரும்பிவிடுவார்கள்.