டமாஸ்கஸ் கத்தி: அலமாரிக்கா, கைக்கா?

கேள்வி: பிறந்தநாளுக்கு ஒரு டமாஸ்கஸ் கத்தி கிஃப்ட்டா வந்துச்சு. ட்ரெக்கிங் போறப்ப சுள்ளி வெட்ட, கயிறு அறுக்க எடுத்துட்டுப் போகலாம்னு நினைச்சேன். நண்பன் என்னடான்னா "அது கலெக்‌ஷன் பீஸ், கண்ணாடிப் பெட்டியில வை"ன்னு திட்டுறான். யார் சொல்றது சரி?

பதில்: நீங்க ரெண்டு பேரும் கத்தி மேல இருக்குற கோடுகளைப் பார்த்துட்டுத்தான் பேசுறீங்க, கத்தியைப் பத்தி இன்னும் யாருமே கேட்கல. அலை அலையா ஓடுற பேட்டர்ன் எதையும் வெட்டாது, வெட்டுறது பதம், அதாவது சூடு பண்ணி முக்கி ஸ்டீலைக் கெட்டியாக்கின விதம். இன்னைக்கு டமாஸ்கஸ்னு விக்கிறதுல பெரும்பாலானது ரெண்டு வகை ஸ்டீலை மாத்தி மாத்தி அடுக்கி, உலையில நல்லா காய்ச்சி, சம்மட்டியாலயோ ப்ரஸ்ஸாலயோ ஒட்ட அடிச்சு, மடிச்சு, திரும்ப அடிச்சு செஞ்சதுதான். நிறைய பேர் எடுக்குற ஜோடி 1084 இல்லன்னா 1095ங்கிற கார்பன் ஸ்டீல், அதோட 15என்20ங்கிற நிக்கல் கலந்த ஸ்டீல். இந்த 15என்20ல சுமார் 2 சதவீதம் நிக்கல் இருக்கு, அதனால ஆசிட்ல போட்டா அது வெள்ளையா நிக்கும், மத்தது கறுத்துடும், அவ்வளவுதான் அந்தக் கோடு.

ஒரு பட்டறையில இதைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். வழவழன்னு தேய்ச்சு வச்சிருந்த சாம்பல் நிறத் தகடு, ஒரு கோடு கிடையாது, உலோகத்தை அரிக்கிற ஃபெரிக் குளோரைடு கரைசல்ல கொஞ்ச நேரம் முக்கி எடுத்தா முழுசா கரி பூசின மாதிரி வந்துச்சு, அவர் தண்ணியில கழுவிட்டு நைஸ் உப்புத்தாளால மெதுவா ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்க, உள்ள இருந்து ஆத்து மணல்ல தண்ணி ஓடின தடம் மாதிரி ஒண்ணொண்ணா கோடு எழும்பிச்சு. அதைப் பார்த்தவங்களுக்கு இந்தக் கத்தி மேல ஏன் இவ்வளவு ஆசைன்னு தனியா சொல்ல வேண்டாம்.

ஆனா கடினமான லேயரும் மென்மையான லேயரும் சேர்ந்திருக்கு, அதனால சாதாரண ஸ்டீலை விட பலம்னு ஒரு பேச்சு சுத்துது, அதை நம்பாதீங்க. ஒட்டுற சூட்டுலயே கார்பன் லேயருக்கு லேயர் பரவி கிட்டத்தட்ட சமமாயிடும். நல்லா செஞ்ச டமாஸ்கஸ், அதுல இருக்குற ஸ்டீலைத் தனியா எடுத்து நல்லா பதம் பண்ணினா எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், கூடவும் இல்ல குறையவும் இல்ல.

"யூஸ் பண்ணினா உடைஞ்சிடும்"னு சொல்றதும் தப்பு. 1976ல ஆரம்பிச்ச, கத்தி அடிக்கிறவங்க சங்கமான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியில மாஸ்டர் பட்டம் வேணும்னா குறைஞ்சது 300 லேயர் டமாஸ்கஸ் கத்தி செஞ்சு டெஸ்ட்டுக்குக் கொண்டு போகணும். தொங்குற ஒரு இஞ்ச் தடிமன் கயிறை ஒரே வீச்சுல அறுக்கணும், மரக்கட்டையை முழுசா வெட்டித் துண்டாக்குறதை ரெண்டு தடவை செய்யணும், அதுக்கப்புறமும் கை முடியை மழிக்கிற அளவு கூர் நிக்கணும், கடைசியில வைஸ்ல, அதாவது இறுக்கிப் பிடிக்கிற கருவியில மாட்டி 90 டிகிரி வளைச்சாலும் முறியக்கூடாது. இதை விட ஹார்ட் யூஸ் என்ன இருக்கு?

சிக்கல் வேற இடத்துல. என்ன ஸ்டீல்னே தெரியாம, லேயருக்கு நடுவுல ஒட்டாம இடைவெளி விட்டு, அரைகுறை பதத்துல அடிச்சுத் தள்ளின மலிவான கத்திகள் ஏகப்பட்டது இருக்கு. பளபளப்புக்காக சுத்தமான நிக்கல் தகட்டை நடுவுல வச்சதும் உண்டு, அந்த நிக்கல் எவ்வளவு சூடு பண்ணி முக்கினாலும் கெட்டியாகாது, வாய் ஓரத்துல அது வந்தா அந்த இடத்துல கூரே நிக்காது. அதனால கிஃப்ட் குடுத்தவங்களைக் கேளுங்க, யார் செஞ்சது, என்ன ஸ்டீல், ஹார்ட்னஸ் எவ்வளவுன்னு. தெளிவா பதில் வந்தா தாராளமா காட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, என் ஓட்டு அதுக்குத்தான். பதில் வரலைன்னா கயிறு, அட்டைப்பெட்டியோட நிறுத்திக்குங்க, கட்டை மேல வச்சு மேல இருந்து தட்டிப் பிளக்குற வேலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பழைய காலத்து டமாஸ்கஸ் வாளும் இதுவும் ஒண்ணுதானா?

பதில்: இல்லைங்க. அது வூட்ஸ். இரும்பையும் கரிப்பொருளையும் மண் மூசையில போட்டு மூடி உருக்கி, மெதுவா ஆற விட்டு எடுத்த கட்டி, கார்பன் 1.5 சதவீதம் பக்கம். தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் செஞ்சு மேற்கு ஆசியாவுக்குப் போனது, உருக்கு, உக்குங்கிற நம்ம பக்கத்து வார்த்தைதான் வூட்ஸ் ஆச்சுன்னு சொல்றாங்க. அதுல கோடு ஒட்டினதால வந்தது இல்ல, இரும்பு கார்பைடு துகள்கள் உள்ளுக்குள்ளயே வரிசை கட்டினதால தானா வந்தது, வனேடியம் மாதிரி உலோகங்கள் துளியூண்டு கலந்திருந்ததுதான் அந்த வரிசைக்குக் காரணம்னு ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்காங்க. 2006ல ஜெர்மனியோட ட்ரெஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 17ஆம் நூற்றாண்டு வாள் ஒண்ணுல கார்பன் நானோடியூப், அதாவது கண்ணுக்கே தெரியாத மெல்லிய கார்பன் குழாய் கூட பார்த்ததா சொன்னாங்க. அப்படி ஒரு பழைய வூட்ஸ் உங்க கைக்கு வந்தா தயவு செஞ்சு தீட்டாதீங்க, பாலிஷ் போடாதீங்க. அதை மட்டும் வேலைக்கு எடுக்கவே கூடாதுன்னு உறுதியா சொல்லுவேன்.

கேள்வி: பேட்டர்ன் நிஜமா, மேல அச்சு போட்டதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: முதுகுப் பக்கத்தைப் பாருங்க. நிஜ டமாஸ்கஸ்னா பக்கவாட்டுல ஓடுற கோடு முதுகு மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கும். லேசர்ல போட்டது ஓரத்துல சட்டுனு நின்னுடும். சந்தேகம் தீரலைன்னா ஒரு மூலையில உப்புத்தாளால தேய்ச்சு திரும்ப ஆசிட் வச்சா நிஜமானது திரும்ப வரும். கிச்சன் கத்தியில இன்னொண்ணு, நடுவுல விஜி10ங்கிற ஜப்பான் ஸ்டீல் மாதிரி ஒரே ஸ்டீல், ரெண்டு பக்கமும் டமாஸ்கஸ் போர்வை, வெட்டுறது நடுவுல இருக்குறது மட்டும்தான். அது ஏமாத்து இல்ல, நல்ல கத்திதான், ஆனா 67 லேயர்ங்கிறதுக்காக அதிகமா வெட்டும்னு நினைச்சு வாங்காதீங்க.

கேள்வி: ரெண்டு வருஷமா உறையை விட்டு எடுக்காம பத்திரமா வச்சிருக்கேன். துரு பிடிக்குமா?

பதில்: இன்னைக்கே எடுங்க. லெதர் உறை ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும், தோல் பதப்படுத்தின ரசாயனமும் கார்பன் ஸ்டீலுக்கு ஆகாது. நானும் ஒரு கத்தியை இப்படி மழைக்காலம் முழுக்க உறையிலயே விட்டேன், எடுத்தப்ப வாய்க்கு மேல மிளகு தூவின மாதிரி குழி குழியா துரு. தேய்ச்சு திரும்ப ஆசிட் வச்சும் மூணு குழி இன்னும் அப்படியே இருக்கு, அதைத் தொடும்போதெல்லாம் மனசு வலிக்கும். துடைச்சு, மினரல் ஆயில் மெலிசா தடவி, உறையைத் தனியா வச்சு கத்தியைத் துணியில சுத்தி வைங்க, மாசம் ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க. துரு தெரிஞ்சா பாலிஷ் பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்க்காதீங்க, துருவோட சேர்ந்து கோடும் போயிடும், எண்ணெய் விட்டு ஊற வச்சு துணியால எடுத்துப் பாருங்க முதல்ல.