இஸ்தான்புல்லில் மசூதியாக மாறிய பழைய பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) காலத் தேவாலயத்தை நிதானமாகப் பார்க்க எங்கே போகலாம்?

ஹாகியா சோபியாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து அங்கே வெளிநாட்டுப் பயணிகளுக்கு 25 யூரோ கட்டணம், பார்க்கக் கிடைப்பதும் மேல்மாடம் மட்டும்தான். கீழ்த்தளம் தொழுகைக்கு. அங்கிருந்து மர்மரா கடல் பக்கமாகக் கால்மணி நேரம் இறங்கி நடந்தால் குச்சுக் அயாசோஃப்யா மசூதி வரும். 'சின்ன ஹாகியா சோபியா' என்று அர்த்தம். கட்டணம் கிடையாது. அங்கே போங்கள்.

செர்ஜியஸ், பாக்கஸ் என்ற இரண்டு ரோமப் படைவீரர்கள் கிறிஸ்துவுக்காக உயிரைக் கொடுத்த புனிதர்கள். அவர்கள் பெயரில் பேரரசர் ஜஸ்டினியன் 527-க்கும் 536-க்கும் இடையில் எழுப்பிய தேவாலயம் இது. 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுல்தான் இரண்டாம் பாயசித் காலத்தில், ஹுசைன் ஆகா என்ற அரண்மனை அதிகாரி இதை மசூதியாக்கினார்.

நான் போனது ஒரு காலை வேளை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளத்தில் ஓரமாக உட்கார்ந்தேன். தலைக்கு மேலே கும்மட்டம், பூசணிக்காய் மாதிரி 16 கீற்றுகளாகப் பிரிந்திருக்கிறது. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது, கீழ்வரிசைத் தூண்களுக்கு மேலே கட்டடத்தைச் சுற்றி ஓடும் பளிங்குப் பட்டைதான். அதில் திராட்சைக் கொடியும் புடைத்து நிற்கும் கிரேக்க எழுத்துகளும். அது 12 வரிப் பாட்டு. மற்ற அரசர்கள் பயனற்று உழைத்து மாண்டவர்களைப் போற்றினார்கள், நம் ஜஸ்டினியனோ செர்ஜியஸுக்கு இல்லம் எடுத்தான் என்று சொல்கிறது. பாவம், பாக்கஸின் பெயர் அதில் இல்லவே இல்லை. உறங்காத அரசனைக் காக்க வேண்டும், ஏழைகளுக்குச் சோறிட ஓயாது பாடுபடும் தியோடோராவின் வலிமை பெருக வேண்டும் என்று வேண்டி முடிகிறது.

தியோடோரா யார்? ஜஸ்டினியனின் மனைவி, பேரரசி. பக்கத்து மேட்டிலிருக்கும் ஹிப்போட்ரோம் என்ற தேரோட்டப் பந்தய மைதானத்தில் கரடி பராமரித்தவரின் மகள், மேடையில் நடித்தவள் என்று அவள் காலத்து வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதியிருக்கிறார். அவளுக்கான வேண்டுதலை ஐந்நூறு வருடமாக யாரும் செதுக்கி எடுக்கவில்லை. அதற்குக் கீழேதான் தினமும் ஐந்து வேளையும் நெற்றி தரையில் பட சுஜூது செய்கிறார்கள். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

கிரேக்கம் தெரியாவிட்டாலும் அவள் பெயரைத் தேடலாம். வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட எழுத்து, தீட்டா. அந்த எழுத்தில் தொடங்கும் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வரும்: 'கடவுள் முடிசூட்டிய', 'தியோடோரா'. கழுத்து வலிக்கப் பார்த்துதான் கண்டுபிடித்தேன்.

தொழுகை நேரத்தையும் வெள்ளி நண்பகலையும் தவிர்த்துவிடுங்கள். பெண்கள் தலைக்குத் துணி கொண்டு போங்கள். முற்றத்தில் பழைய மதரசா அறைகள் இருக்கின்றன, தேநீரும் கிடைக்கும்.